ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக் குதிரை

ஒரு கால், சேணத்திலிருந்து தொங்கும் இரும்பு வளையத்துக்குள். இன்னொரு கால், கவிழ்த்து வைத்த நீல நிறச் சாய டிரம்மின் மேல். இரண்டுக்கும் நடுவில் நான்.

அந்தக் கோலத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பாப்பா என்பது குதிரை. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். தரையில் நின்றால் அதன் முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது, அவ்வளவு உயரம். அது தலையைத் திருப்பி, ஏறப்போவது நீதானா, இல்லை வேறு ஆள் யாராவது வருகிறார்களா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது. பிறகு வாலை ஒரு வீசு வீசி, என் கழுத்தில் பளீரென்று அடித்தது.

பொங்கலூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். விடிந்தும் விடியாத நேரம். சோளம் அறுத்த காட்டில் பனி ஈரம் மினுமினுத்தது. தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் ரிப்பேராகி நின்றிருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“ஏனுங்கக்கா, இன்னிக்கும் அந்த டிரம்மு மேலதான் குடித்தனமா?” என்றாள் கவிப்பிரியா.

கவிப்பிரியாதான் குதிரைக்காரி. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஏசி ரூமில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, குடும்பத் தோட்டத்தில் நாலு குதிரைகளை வைத்துச் சவாரி சொல்லித் தருகிறாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். ஆனால் குதிரைப் பக்கம் வந்துவிட்டால் எனக்கு அவள் எச்.எம்.

அவளுக்குப் பின்னால் வேலியோரம், பளபளவென்று புது பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். பெருமாநல்லூரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நான் இன்றைக்கு ஏறாவிட்டால், என்னுடைய ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி அவருக்குப் போய்விடும்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த கதை

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக் கதையும் லைன் வீட்டுக் கதையுமாக எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று குதிரைமேல் ஏறப் பார்க்கிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கே அப்படித்தான் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் பல்லடம் தாண்டிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோரத் தோட்டத்தில் குதிரை ஒன்று வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை எப்போது நிறுத்தினேன், எப்போது கம்பி வேலியைப் பிடித்தேன் என்று தெரியவில்லை. ஓட்டம் நின்று, அது மூக்கால் “ப்ர்ர்ர்” என்று ஊதியபோது என் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

உள்ளே போய்க் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கவிப்பிரியா சொன்னாள். நான் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வாரேம்மா” என்று கிளம்பினேன்.

வாசலைத் தாண்டவில்லை. அங்கே ஒரு கயிற்றில், சேணத்துக்கு அடியில் போடும் மெத்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரமெல்லாம் பிசிறு. ஒன்றில் தையல் முழுதும் விட்டு, உள்ளே இருந்த பஞ்சு வெளியே வந்திருந்தது. நான் இத்தனை வருடமாக, துணி ஓரம் பிரியாமல் தையல் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். கிழிந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக என்னால் ஆகாது.

“இதெல்லாம் நான் தைச்சுத் தாரேன். சாணியும் அள்ளுதேன். காசுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் ஏற விடுவியாம்மா?”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். சொந்த வீட்டில் கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். கவலைப்படுவதில் எனக்கு ஓவர்டைம் உண்டு. வார விடுமுறை கிடையாது.

கவிப்பிரியா யோசித்தாள். “யாரும் வராத நேரமா ஒண்ணு இருக்குங்க. காலைல ஆறு மணி. எந்திரிச்சு வருவீங்களா?”

ஷிப்டுக்குப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது!

ராசாவுக்குப் பிறகு

அதற்கு முன்பு நான் குதிரைமேல் உட்கார்ந்தது சின்னப் பிள்ளையில். எங்கள் அப்பா தெற்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டினார். வண்டியை அவிழ்த்ததும் ராசா என்ற அந்தக் கிழட்டுக் குதிரையைக் குளத்துக்கு ஓட்டிப்போவது என் வேலை. சேணம் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தொற்றி ஏறினால் நேராகத் தண்ணீர்தான்.

ஊருக்குள் ஆட்டோ வந்தது. ராசா போனது. ஏழாம் வகுப்போடு என் படிப்பும் போனது. திருப்பூருக்கு வந்து டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் உட்கார்ந்தேன். அதையெல்லாம் இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன். மறுபடி எழுதி உங்களை அழவைக்கப் போவதில்லை. சொல்ல வந்தது இதுதான்: அந்த வயதில் எனக்குப் பயம் இல்லை. தைரியத்தால் அல்ல. கை ஒடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாததால்.

இப்போது தெரியும். வலது மணிக்கட்டு போனால் ஓவர்லாக் போச்சு. ஓவர்லாக் போனால் வீடு பாதி நின்றுவிடும்.

ஆனாலும் அந்த முதல் சில மாதங்கள் இருக்கிறதே! என்ன சொல்ல! வாரம் முழுவதும் நான் ஞாயிற்றுக்கிழமைக்காக மட்டும் மூச்சு விட்டேன்.

கடையில் விற்கும் சவாரி பேன்ட்டின் விலையை மகள் போனில் காட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்றுமதியில் மிஞ்சின துணி விற்கிற சர்ப்ளஸ் கடையில் நல்ல தடிப்பான லைக்ரா பிட் வாங்கி நானே தைத்தேன். முழங்கால் உள்பக்கம் இரட்டைத் துணி. கவிப்பிரியா இரவல் கொடுத்த ஹெல்மெட்டுக்கு உள்ளே, வேர்வைக்கு டர்க்கி டவல் துணி. செருப்புக் கடையில் போய், பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற கறுப்பு ஷூ ஒன்றை எடுத்தேன். “பையன் எந்த கிளாஸுங்க?” என்று கடைக்காரர் கேட்டார். “எட்டாவது போகப்போறான்” என்றேன். நான் போகாத வகுப்பு அது. நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. குதிரைமேல் குதிகாலைக் கீழே அழுத்த வேண்டும். நான் நுனிக்காலை அழுத்துவேன். மெஷினில் பெடலை நுனிக்காலால் மிதித்தால் வேகம் வரும். இத்தனை வருடப் பழக்கம். பாப்பா மெதுவாகப் போனால் என் வலது கால் தானாகப் பெடலைத் தேடும்.

“அக்கா, அது மோட்டார் இல்லீங்க!” என்று கவிப்பிரியா சவாரி மைதானத்தின் நடுவில் நின்று கத்துவாள்.

கம்பெனியில் இதற்கு நேர் எதிர். ஸ்டூலில் உட்கார்ந்து, குதிரை குதித்து ஓடும்போது எழுந்து உட்கார்வது மாதிரி நான் இடுப்பைத் தூக்கித் தூக்கிப் பழகுவதைப் பக்கத்து மெஷின் பீகார்ப் பெண் பார்த்துவிட்டாள். “ஆன்ட்டி, கியா ஹுவா? என்னாச்சு? எறும்பா?” என்று எழுந்து என் ஸ்டூலைத் தட்டிப் பார்த்தாள்.

ஏ கிரேடு எலாஸ்டிக்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வயிற்று வார் விஷயம்.

சேணம் நழுவாமல் இருக்க, குதிரையின் வயிற்றைச் சுற்றி ஒரு அகலமான வாரை இழுத்துக் கட்டுவார்கள். பாப்பாவின் வார் நைந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் எனக்கு மனசே கேட்கவில்லை. வெறும் கெட்டி நாடா. கொஞ்சம்கூட இழுபடாது. மூச்சு வாங்கும்போது வயிறு உப்புமே, பாவம், அந்த ஜீவன் என்ன செய்யும்? திருப்பூரில் இடுப்புக்கு ஒன்றைத் தைக்கிறவள் எதை வைப்பாள்? நானும் அதைத்தான் வைத்தேன். இரண்டு பக்கமும் நல்ல அகல எலாஸ்டிக். மேலே மெத்தென்று ஃப்ளீஸ். தையல் அப்படி ஒரு தையல். துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையருக்குக் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

ஞாயிறு காலை அதைக் கட்டியபோது கவிப்பிரியா வேறொரு குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளீஸ் மூடியிருந்ததால் உள்ளே இருப்பது வெளியே தெரியவும் இல்லை. பாப்பா நடந்தது. ஒன்றும் இல்லை. ஓட ஆரம்பித்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. வளைவில் திரும்பியது.

சேணம் மெதுவாக இடது பக்கம் இறங்கியது. சேணத்தோடு நானும் இறங்கினேன். கிளிப் கழன்ற துணி கொடியிலிருந்து நழுவுவதுபோல, அவசரமே இல்லாமல். கத்துவதற்கு நேரம் தாராளமாக இருந்தது, கத்தினேன். பிறகு, மைதானத்தில் கொட்டியிருந்த தேங்காய் நார்த்தூளில் முகம் குப்புற.

பாப்பா நல்ல குதிரை. நின்றுவிட்டது. சேணம் அதன் வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கவிப்பிரியா ஓடி வந்து முதலில் என் கை கால்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு வாரை இழுத்துப் பார்த்தாள். அது நீண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி நீண்டது.

“அக்கா, இதென்னுங்க இழுத்தா இழுக்குது?”

“இடுப்பு எலாஸ்டிக்மா. ஏ கிரேடு. எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வந்துரும்.”

“வந்துருமுங்க. நீங்க கீழ விழுந்த பொறவு வந்துரும்.” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “குதிரைக்கு ஜட்டி தைச்சு மாட்டியுட்டிருக்கீங்களேக்கா!”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அருளிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். அருள் என் வீட்டுக்காரர். இன்னொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. இழுபடாத நாடாவில் வேறு வார் தைத்துக் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு டிரம்மின் மேல் ஏறி நின்றேன். ஒரு காலை வளையத்தில் வைத்தேன். இன்னொரு கால் எழும்பவில்லை.

தடவிக் குடுங்க

அதற்கடுத்த வாரமும் எழும்பவில்லை. அதற்கடுத்த வாரமும்.

ஆனால் ஒரு ஞாயிறுகூட நான் போகாமல் இருக்கவில்லை. சாணி அள்ளினேன். தைத்தேன். பாப்பாவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பிறகு டிரம்மில் ஏறி, வாரைச் சோதித்து, வளையத்தைச் சோதித்து, மறுபடி வாரைச் சோதித்து, இறங்கினேன். மணிக்கட்டு ஒடிந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஒடியாத மணிக்கட்டு!

கவிப்பிரியா பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. குதிரை சும்மா நின்னா அதுக்கும் நல்லதில்லீங்க, எனக்கும் தீவனத்துக்குக் கட்டுபடியாகறதில்லீங்க. டைல்ஸ் கடைக்காரரு ஒருத்தரு இந்த நேரத்தைக் கேட்டுட்டே இருக்காரு. வர்ற ஞாயித்துக்கெழம நீங்க ஏறி ஓட்டுனீங்கன்னா இது எப்பவும் உங்க நேரமுங்க. இல்லீன்னா அவருக்குக் குடுத்துர்றேன்.”

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

“நீங்க எப்ப வேணாலும் வாங்கக்கா. டீ குடிங்க. பாப்பாவைத் தடவிக் குடுங்க.”

தடவிக் குடுங்க! அந்த வார்த்தை வாரம் முழுக்க என் தையலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் மற்ற எல்லா நேரத்துக்கும் காசு கட்டுகிற ஆள் இருக்கிறது, மற்ற நாளெல்லாம் எனக்கு ஷிப்ட். ஆறு மணி போனால் என் சவாரி போனது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அருளிடம், போகவா வேண்டாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஏட்டி, வாரம் பூரா குதிரை குதிரைன்னு என் உசுர வாங்குத. போயி ஏறு. விழுந்தா விழு. வீட்ல கெடந்து எம்மேல விழாத.”

“கை ஒடிஞ்சா?”

“ஒடிஞ்சா நாஞ் சோறு பொங்குதேன். அதத் திங்கணுமேன்னு பயந்தாவது நீ விழ மாட்ட.”

ஒரு நாற்காலி

இப்போது மறுபடி அந்த டிரம்முக்கு வருகிறேன்.

மூன்று தடவை எம்பிப் பார்த்தேன். மூன்று தடவையும் கால் டிரம்முக்கே திரும்பி வந்தது. டைல்ஸ் கடைக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

“சரிங்கக்கா,” என்றாள் கவிப்பிரியா, மெதுவாக. “எறங்கிக்குங்க. சார் ஒரு ரவுண்டு பாக்கட்டும்.”

இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

டைல்ஸ் கடைக்காரர் வந்தார். ஆள் நல்ல பருமன். முகத்தில் வேர்வை. கடிவாளத்தை வாங்கினார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல அதை இறுக்கிப் பிடித்தார். பாப்பா காதைப் பின்னால் மடித்தது.

“சார், ஒரு நிமிசம்!” என்றேன்.

“சொல்லுங்க.”

“இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா அதுக்கு வாய் வலிக்குங்க. கொஞ்சம் விடுங்க. ரொம்ப விட்ராதீங்க, தலையைக் கீழ போட்டுப் புல்லு மேயப் போயிரும். ஏறும்போது முதுகுல தொப்புன்னு உக்காரக் கூடாது. அந்த மூலையில தென்னம்பாளை ஒண்ணு கெடக்கும், அதைப் பாம்புன்னு நெனைச்சு ஒதுங்கும். அப்ப நீங்களும் அதைப் பாத்தீங்கன்னா போச்சு. முன்னால பாக்கணும். மூச்சைப் பிடிக்காதீங்க, நீங்க பிடிச்சா அதும் பிடிக்கும். அப்புறம் வலது பக்கம் திரும்பும்போது…”

அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. “இத்தனையும் ஞாபகம் வெச்சுக்கோணுங்களா?”

“இது பாதிதாங்க.”

“எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க,” என்றார் அந்த மனுஷன், பாவம், ரகசியம்போல. “சின்ன வயசு ஆசைங்க. ஊட்ல சொல்லாம வந்துருக்கறேன். நீங்களே ஒருக்கா ஓட்டிக் காட்டுனீங்கன்னா, பாத்து ஏறிக்குவேனுங்க.”

“இங்க பாருங்க,” என்று கடிவாளத்தை அவர் கையிலிருந்து வாங்கி, டிரம்மின் மேல் ஏறினேன். “இப்படி லேசா. ஒரு குருவியைப் பிடிச்ச மாதிரி. காலை இங்க வைக்கணும். அது வயித்துல ஷூ முனை குத்தக் கூடாது. இந்தக் காலைத் தூக்கி, பின்பக்கம் இடிக்காம அப்படியே கொண்டுவந்து, மெதுவா…”

உட்கார்ந்திருந்தேன்.

பாப்பாவின் இரண்டு காதுகளுக்கு நடுவில் சோளக்காடு தெரிந்தது. டைல்ஸ் கடைக்காரர் கீழே, ரொம்பக் கீழே இருந்தார்.

எனக்குள் கவலைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறது போலிருக்கிறது. பாப்பாவின் வாயைப் பற்றியும் முதுகைப் பற்றியும் கவலை வந்து உட்கார்ந்ததும், என் மணிக்கட்டைப் பற்றிய கவலை எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. இது புரிந்த நொடியில் அது மறுபடி உட்கார வரும் என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைக் கவிப்பிரியாவும் என் முகத்தில் பார்த்துவிட்டாள் போல. “நிக்காதீங்கக்கா! யோசிக்காதீங்க! அப்படியே போங்க!”

காலை அழுத்தினேன். குதிகாலையா நுனிக்காலையா என்று கேட்காதீர்கள். பாப்பா கிளம்பிவிட்டது. நடை, உடனே ஓட்டம். எழுந்து உட்கார, எழுந்து உட்கார. தென்னம்பாளை வந்தது. நான் முன்னால் பார்த்தேன். பாப்பா ஒதுங்கப் பார்த்தது, “ஒண்ணுமில்லட்டி, வா” என்றேன், வந்துவிட்டது. சேணம் அசையவில்லை. என் தையல்!

மைதானத்தின் நீளப் பக்கத்தில் திரும்பியதும் பாப்பாவின் முதுகு மாறியது. டக் டக் என்று குலுக்கியது நின்று, ஊஞ்சலைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல ஒரு வீச்சு. மறுபடி ஒரு வீச்சு. கேன்டர்! கவிப்பிரியா மாதக்கணக்கில் எனக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பாய்ச்சல். காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து ஊதியது. பிடரி மயிர் என் கைமேல் புரண்டது. நார்த்தூள் தெறித்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். பயத்தில் கத்துகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். காதில் விழுந்தபோது அது சிரிப்பாக இருந்தது.

“வாயை மூடுங்கக்கா, பூச்சி போயிரும்!” என்று கவிப்பிரியா குதித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சுற்று முடிந்து அவர்களைத் தாண்டும்போது அவள் குரல் துண்டாகக் காதில் விழுந்தது: “சார், நீங்க சனிக்கெழம கடை தொறக்கறதுக்கு முன்னால வந்துருங்க. இந்த நேரம் அக்காவுதுங்க.”

பாப்பாவை நடைக்குக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது. பாப்பாவுக்கும் வாங்கியது. டைல்ஸ் கடைக்காரர் வாயைப் பிளந்து நின்றவர், கிட்டே வந்து, பாப்பாவின் கழுத்தை ஒரு விரலால் தொட்டார்.

“உங்களுக்குப் பயமா இல்லீங்களா?”

“இருக்குங்க. ரொம்ப இருக்கு,” என்றேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னொரு சுத்து போறேன்.”